டீ போட ஆளில்லை என்று வந்தவள்

பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்தால் அதன் முதுகில் கொடுத்தவர் பெயரை எழுதலாம். தண்ணீர்த் தொட்டி கட்டினாலும் எழுதலாம். மனசு சரியில்லாமல் வந்த ஒருத்தி தேறி எழுந்தால் யார் பெயரை எங்கே எழுதுவது? உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய நெல் குடோனில் எங்கள் மனநல மையத்தை வைத்துக்கொண்டு, நிதிக்காக நான் நாயாய் அலைந்ததற்கு இதுதான் காரணம் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

எத்தனையோ அறக்கட்டளைகளுக்கு எழுதினேன். "உங்கள் பணி மகத்தானது, ஆனால்" என்று பதில் வரும். அந்த 'ஆனால்' வந்ததுமே படிப்பதை நிறுத்திவிடுவேன். ஒருவர் போனில், "உங்க திட்டத்துல புதுமை என்ன மேடம்?" என்று கேட்டார். புதுமையாவது மண்ணாவது! மாதம் இரண்டு முறை டாக்டர் வருகிறார். மாத்திரை தருகிறோம். மற்ற நாட்களில் வந்து உட்கார ஓர் இடம், மத்தியானம் சூடாகச் சோறு, பக்கத்தில் பேச நாலு பேர். இவ்வளவுதான். இதையே பத்து விதமாக இங்கிலீஷில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனது.

முன்பு கொடுத்துவந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த மாதத்தோடு வாடகையும் முடிகிறது. மூடிவிட்டால் மற்றவர்கள் எப்படியோ, காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையிலிருந்து வருகிற ஒரு பெண் என்ன ஆவாள் என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை. நாற்பதைத் தாண்டியவள், நெசவுக் குடும்பம். எங்களிடம் வருவதற்கு முன் தறிக்குப் பின்னால் இருக்கும் அறையில் பல வருஷம் கிடந்தவள். காஞ்சிபுரத்தில் வைத்தியம் பார்த்தால் தெரிந்தவர் கண்ணில் படுமாம், அதற்காகவே அவள் அண்ணி அவளை பஸ் ஏற்றி இவ்வளவு தூரம் கூட்டிவருவாள். முதலில் வாயே திறக்காமல் இருந்தவள், ஒரு நாள் தானாக எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று முதல் மையத்துக்கே டீ அவள்தான். இடம் போனால் அவள் திரும்பவும் அந்த அறைக்குத்தான் போகவேண்டும்.

இந்த நிலையில் ஒரு அறக்கட்டளையிலிருந்து, நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று சொன்னார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மையத்துக்கு வருகிறவர்களின் வீட்டுக்காரர்களிடமெல்லாம், "சென்னையிலிருந்து மேடம் வர்றாங்க, எல்லாரும் வந்துடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்கிறீர்கள்! ஆண்கள் சலவை வேட்டி, பெண்கள் பட்டுப்புடவை. ஓரிக்கை அண்ணி தன் கல்யாணப் பட்டையே கட்டியிருந்தாள், அரக்கு நிறத்தில் மாங்காய்க் கரை. மாலை, பழத்தட்டு, சந்தனம் வேறு. ஒரு நிமிஷம் பூரித்துப்போனேன். பிறகுதான் கவனித்தேன், எங்களிடம் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

"உங்க பையன் எங்கே?" என்று மாகறலிலிருந்து வந்திருந்த விவசாயியைக் கேட்டேன்.

"வூட்ல கீறான்க்கா. பெரிய மனுசங்க வர்ற எடத்துல அதுங்க எதுக்கு? எதுனா பேசிக்கினு கெடக்கும், நமக்குத்தான் அசிங்கம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுங்களுக்குத்தான்யா பணம் கேக்கறோம்! உனக்கும் எனக்குமா கேக்கறோம்?"

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. இறங்கிய அம்மாளுக்கு மாலை போட்டார்கள். அவர் உள்ளே பார்த்தார். பட்டும் பூவுமாக ஒரு கல்யாணக் கூடம். "இங்க வர்றவங்க எல்லாம் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். "எல்லாம் நல்லா கீறாங்க மேடம், ஒரு கொறையும் இல்ல" என்று கோரஸாகச் சொன்னார்கள். போச்சுடா! குறையே இல்லையென்றால் பணம் எதற்கு? நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் வந்தாள். சாயம் போன நைலக்ஸ் புடவை, கையில் ஒரு மஞ்சள் பை. அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"யாரு கூட்டியாந்தது ஒன்ன?"

"நானேதான் வந்தேன். பஸ்ல."

தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாகப் போகாதவள். அவள் நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. மேடம் டம்ளரை வாங்கிக்கொண்டு, "நீங்க இங்க எவ்ளோ நாளா வேலை செய்றீங்க?" என்றார்.

"வேல இல்லீங்க. மனசு சரியில்லாம வந்தவ நானு. இன்னிக்கு வராதன்னாங்க. டீ போட ஆளு இல்லியே, அதான் வந்தேன்."

"சும்மா இருமே" என்று அண்ணி பல்லைக் கடித்தாள்.

"அப்போ மத்தவங்க எங்கே?"

"வூட்ல கீறாங்க. நல்ல துணி கட்னவங்க மட்டும் வந்துகீறாங்க." குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

யாரும் நிமிரவில்லை. மேடம் டீயைக் குடித்து முடித்தார். "நான் இருக்கேன். போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார். மாகறல்காரர்தான் முதலில் எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கை உதைத்தார். எல்லாரும் வந்துவிடவில்லை. வந்தவர்களோடு அந்த அம்மாள் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தார். நான் எழுதி அனுப்பிய திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிதி வந்தது. கேட்டதைவிடக் குறைவுதான், ஆனால் வாடகை, டாக்டர், மாத்திரை, சோறு எல்லாம் நின்றுவிடாமல் நடக்கிறது. அந்த அம்மாள் நன்றாக இருக்கவேண்டும். அன்று மனசுக்குள் நான் திட்டித் தீர்த்த வீட்டுக்காரர்களும் நன்றாக இருக்கவேண்டும். அசிங்கம் என்று சொன்ன வாயோடு, கூப்பிட்டதும் ஓடிப்போய்க் கூட்டிவந்தார்களே, அதற்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்!

அடுத்த வருஷமும் மேடம் வந்தார். இந்த முறை நான் யாருக்கும் எதுவும் படித்துப் படித்துச் சொல்லவில்லை. மாகறல் பையன் அப்பாவின் சலவை வேட்டியில் வந்திருந்தான், இடுப்பில் நிற்காமல் பிடித்துக்கொண்டே நடந்தான். ஓரிக்கைக்காரர்கள் இருவரும் ஒன்றாக பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். அண்ணி நூல் புடவையில் இருந்தாள். அரக்குப் பட்டு நாத்தனார் மேல் இருந்தது, மாங்காய்க் கரையோடு, தலை நிறையப் பூவோடு.

வழக்கம்போல அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அண்ணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னிக்கு டீ நான் போடறேன். நீ போய் மேடம் பக்கத்துல குந்து."

அவள் போய் உட்கார்ந்தாள்.