மழையை நிறுத்தினால் வேகம் வரும்

பழைய கம்ப்யூட்டர்ல புது கேமை ஓட வைக்கிறதுதான் அரியலூர்ல என் பிழைப்பு. நிழலு, புகை, மேகம்னு படத்துல அழகா இருக்கிறதை ஒண்ணொண்ணா அணைச்சா வேகம் வரும். எல்லாம் வேணும்னா படம் திக்கித் திக்கி நிக்கும். ரெண்டுல ஒண்ணுதான்னு சொன்னா எவன் கேக்குறான்? ஓட்டைக் கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டுற மக்களே, உங்க வயித்தெரிச்சலும் என் வயித்தெரிச்சலும் ஒண்ணுதான். போன வாரக் கூத்தைக் கேளுங்க.

நடுவழியில நின்ன லாரி

திங்கக்கிழமை லப்பைக்குடிக்காட்டுலேர்ந்து ஷமீமான்னு ஒரு பொண்ணு, பஸ்ல சிபியுவை மடியில வச்சுக்கிட்டு வந்துச்சு. வீட்டுக்காரர் சவுதியில. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் அவர் அங்கேர்ந்து, இது இங்கேர்ந்து, ஒரே கேம்ல ஆளுக்கொரு லாரி ஓட்டிக்கிட்டே பேசிக்கிட்டுப் போவாங்களாம். இந்த ஊர் ரோட்டுல ஓடுற சிமெண்ட் லாரி பத்தலை பாருங்க! வாரத்துல அவங்களுக்குன்னு இருக்கிறது அந்த ஒரு மணி நேரம்தான். கேம்ல புதுசா என்னத்தையோ சேத்ததுலேர்ந்து இந்தப் பொண்ணோட லாரி பாதி வழியில நின்னுருது, போன வெள்ளிக்கிழமை வீணாப்போச்சு.

"புதுசு வாங்கிக்கலாமேம்மா"ன்னேன்.

"புதுசுன்னு வாயைத் தொறந்தா, இன்னும் ஆறு மாசம் இருந்து சம்பாரிச்சுட்டு வரேம்பாங்க. வேணாம்ண்ணே, இதையே ஓட வைங்க."

புல்லு

அடுத்தவன் பெரம்பலூர் காலேஜ் ஹாஸ்டல்காரன். துப்பாக்கிச் சண்டை கேம். தரையில இருந்த புல்லு பூராத்தையும் அணைச்சேன், சும்மா வழுக்கிக்கிட்டு ஓடுச்சு. தெய்வமேன்னு கும்பிட்டுட்டுப் போனவன், மறுநாளே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறான்.

"ஒளியறதுக்கு ஒரு புல்லு இல்லண்ணே. முன்னாடி மெதுவா செத்தேன், இப்ப வேகமா சாவுறேன்."

மழை

தங்கராசு அண்ணன் செந்துறைப் பக்கம் மானாவாரி விவசாயி. மக படிக்க வாங்குன கம்ப்யூட்டர்ல டிராக்டர் ஓட்டுற கேம் ஆடுவாரு. வயக்காட்டுல ஓட்டுறது பத்தாதாய்யா உமக்கு! கேம்ல மழை பெஞ்சா டிராக்டர் அசைய மாட்டேங்குதுன்னாரு. மழையை அணைச்சேன், டிராக்டர் பறந்துச்சு. மனுசன் சந்தோஷப்படணுமா இல்லையா? ஸ்க்ரீனையே வெறிச்சுப் பாத்தாரு.

"ஊர்லதான் பெய்யல, இங்கயாவது பெய்யட்டும் தம்பி. டிராக்டர் நின்னா நிக்கட்டும், மழை பெய்யறப்ப எவன் உழுவான்?"

கண்ணாடி

வியாழக்கிழமை விட்டுட்டுப் போன சிபியுவை வாங்க ஷமீமா வந்துச்சு. லாரி கேம்ல வேகத்துக்கு எமன் சைடு கண்ணாடிதான். பின்னாடி இருக்கிறதையெல்லாம் கம்ப்யூட்டர் அதுல இன்னொரு தடவை வரையணும். அதை மட்டும் அணைச்சுட்டு, மரம், மலை எல்லாத்தையும் அப்படியே விட்டுவச்சிருந்தேன். லாரி ஜம்முன்னு ஓடுச்சு. பெருமையா ஓட்டிக் காட்டுனா, கறுத்துப்போன கண்ணாடியைப் பாத்துட்டு அந்தப் பொண்ணு முகம் தொங்கிப்போச்சு. எனக்குச் சுள்ளுன்னு கோவம்.

"இதுல என்னம்மா கொறை?"ன்னு கத்திட்டேன்.

"எப்பவும் நான்தாண்ணே முன்னாடி போவேன், அவுங்க வழி தப்பிருவாங்க. பின்னாடி வர்றாங்களான்னு கண்ணாடியிலதான் பாத்துக்குவேன்."

கத்துனதை நினைச்சு வெக்கமா இருந்துச்சு. அங்கயே உக்கார வச்சு, கண்ணாடியைத் திரும்பப் போட்டு, மரம், மலை, மேகம், வீடுன்னு மிச்சம் எல்லாத்தையும் அணைச்சேன். நானே பாக்கச் சகிக்கல, அவ்வளவு அசிங்கமா இருந்துச்சு படம். ஓடுமா, நின்னுருமான்னு எனக்கே நிச்சயமில்ல. மறுநாள் பூரா என் காது போன் மேலயே இருந்துச்சு. சாயங்காலம் அடிச்சுச்சு.

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு எடத்துலயும் நிக்கலண்ணே. ஊரு இல்ல, மரம் இல்ல, வெறும் பொட்டல்தான். ஆனா வழி பூரா அவுங்க என் பின்னாடியே வந்தாங்க."

இப்பல்லாம் எதை அணைக்கக் கூடாதுன்னு கேட்டுட்டுத்தான் மவுஸையே தொடுறேன், அதுக்குப் பாதிப் பேரு "எதையுமே அணைக்காதீங்கண்ணே, ஆனா வேகமா ஓடணும்"னுதான் பதில் சொல்றாங்க.