பந்தி பார்த்துச் சேர்ந்த மோட்டார் பள்ளிக்கூடம்

நாறும்பூநாத பிள்ளை மோட்டார் ஓட்டப் படிக்கப் போன கதையை அம்பாசமுத்திரம் பக்கம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்த ஆறு மாதமும் அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

வெள்ளைக்காரன் சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பிள்ளைக்கு முப்பது வயது இருக்கும். அவர் மனைவி ஞானம்பாள் ஆடி மாதத்தில் ஒருநாள் காலையில் வாந்திபேதி என்று படுத்தாள், விளக்கு வைக்கும் முன்னால் போய்விட்டாள். கொள்ளி வைத்துவிட்டு ஆற்றில் முங்கி எழுந்தார். ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தார், போட்டதைத் தின்றார், படுத்துத் தூங்கினார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பார்த்தவர்கள் கல்நெஞ்சன் என்றார்கள். கல்லெல்லாம் இல்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அதுபோல மனசு மரத்துப்போயிருந்தது. கூடவே நாக்கும் செத்துவிட்டது. அண்ணி ஒருநாள் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். வீடே முகம் சுளித்தது, இவர் மட்டும் இரண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்றார்.

நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்று, அன்னத்தாய். பதினாறாம் நாள் காரியம் கழிந்ததும் மாமியார் பிரம்மநாயகி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வள்ளியூருக்குப் புறப்பட்டாள். போகும்போது வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்னாள்:

"எம் மகளுக்காவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசன் கிட்ட இந்தப் பிள்ளையை எப்படிவே விட்டுட்டுப் போவேன்? மாசம் பொறந்தா சம்பளம் வாற வேலை வேணும். சைவத்துல இருந்து எள்ளளவும் பிசகக் கூடாது. ரெண்டும் சரியா இருந்தா வந்து கூட்டிட்டுப் போரும்."

பிள்ளை தலையை ஆட்டினார். குழந்தை போனபோதும் ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றும் தோன்றவில்லையே என்பது மட்டும் எங்கோ ஒரு மூலையில் உறுத்தியது. குழந்தை திரும்பி வந்தால் அந்த இடம் மறுபடியும் உயிர் பெறுமோ என்னவோ. அந்த ஒரு நினைப்பைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

வேலை விஷயம் இப்படி. விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டு போகும் ஐயம்பெருமாள் அண்ணாச்சியிடம் பிள்ளை மேற்பார்வை பார்த்துவந்தார். அண்ணாச்சி திடீரென்று மாட்டு வண்டிகளை எல்லாம் விற்றுவிட்டு மதராசிலிருந்து ஒரு மோட்டார் லாரி வாங்கிப் போட்டார். வண்டிகளே இல்லாத இடத்தில் மேற்பார்வை எதற்கு?

"லைசென்ஸ் வாங்கிட்டு வாரும், நீரே ஓட்டலாம்" என்றார் அண்ணாச்சி. "தைப்பொங்கல் வரைக்கும் பொறுக்கேன். அதுக்கு மேல வேற ஆளுதான்."

மோட்டார் சொல்லிக்கொடுக்கும் இடம் திருநெல்வேலிச் சீமையில் அப்போது இரண்டே இரண்டு. பாளையங்கோட்டையில் ஆசீர்வாதம் மேஸ்திரி என்று ஒருவர். தூத்துக்குடியில் இயந்திர வேலை பார்த்துவிட்டு வந்தவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். இன்னொன்று திருநெல்வேலி டவுனில், பாபநாசம் பிள்ளையுடையது. இரண்டில் எது என்று விசாரிக்கப் போனது நாறும்பூநாதனின் அண்ணன் சிவசண்முகம் பிள்ளை. அவர் என்ன விசாரித்தார் தெரியுமா? எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கினார்கள் என்றா? மோட்டார் நன்றாக ஓடுமா என்றா? அதெல்லாம் அவருக்கு எதற்கு. இரண்டு இடத்திலும் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏலே, முடிவு பண்ணியாச்சு. பாபநாசம் பிள்ளை வீட்டுப் பந்தி நம்ம வீட்டுக் கல்யாணப் பந்தி மாதிரி இருக்கு. சொதி என்ன, அவியல் என்ன! மேஸ்திரி வீட்டுல கருவாட்டு வாடை வாசல் வரைக்கும் வருது. நீ டவுனுக்கே போ."

உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்த மனுஷனுக்குச் சாப்பாட்டை வைத்துப் பள்ளிக்கூடம் பார்த்தார்கள். நம் ஆட்களை என்ன சொல்ல. பிள்ளை சரி என்றார். எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

பாபநாசம் பிள்ளையின் மோட்டார் பார்க்க அழகாகத்தான் இருந்தது. துடைத்துத் துடைத்து வைத்த பித்தளை விளக்கில் முகம் பார்க்கலாம். ஆனால் அதன் உள்வயிறு எப்போதோ செத்துப்போயிருந்தது. கேட்டால், "சண்டைக் காலம், எண்ணெய் கிடைக்கல. கிடைச்சதும் ஓட்டிருவோம்" என்பார். அதுவரை சொரிமுத்து என்கிற வண்டிக்காரனின் இரண்டு காளைகளை முன்னால் பூட்டி இழுக்க வைத்தார். மாணாக்கர்கள் முறை போட்டுக்கொண்டு மோட்டாரில் ஏறி உட்கார்ந்து, காளைகள் போகும் போக்குக்குச் சக்கரத்தைத் திருப்பப் பழகினார்கள். மத்தியானம் பந்தி. அங்கே படித்தவர்களுக்கு மோட்டார் வந்ததோ இல்லையோ, தொந்தி வந்தது.

நாறும்பூநாத பிள்ளை எதையும் கேட்கவில்லை. இழுத்த பக்கம் திருப்பினார், இலை போட்ட பக்கம் உட்கார்ந்தார். புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. பாபநாசம் பிள்ளை அவர் முதுகில் தட்டி, "உம்மை மாதிரி அடக்கமா படிக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லைவே" என்று சொல்லிப் பரீட்சைக்கு அனுப்பினார்.

பரீட்சை பாளையங்கோட்டையில், போலீஸ் துரைக்கு முன்னால். ஓடுகிற மோட்டார் ஆசீர்வாதம் மேஸ்திரியிடம் மட்டுமே இருந்ததால் பரீட்சைக்கும் அதைத்தான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பிள்ளை ஏறி உட்கார்ந்தார். மேஸ்திரி முன்பக்கம் கைப்பிடியைச் சுற்றினார். வண்டி உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு கத்தியது. துரை கையைக் காட்டினார், போ என்று. பிள்ளை சக்கரத்தை அழகாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வண்டி நகரவில்லை. துரை மறுபடியும் கையைக் காட்டினார். பிள்ளை நாக்கை மடக்கி, காளைகளை முடுக்குவதுபோல "த்தா... த்தா..." என்று சத்தம் கொடுத்தார்.

கூடி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துரையும் சிரித்தார். வேறு ஆளாக இருந்தால் ஆற்றில் விழுந்திருப்பான். பிள்ளை மெல்ல இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அப்படியே நடந்து போனார். அவமானம் என்று ஒன்று வந்து அவரிடம் கதவைத் தட்டியிருக்கும், உள்ளே ஆள் இல்லை.

ஆசீர்வாதம் மேஸ்திரிதான் பின்னாலேயே ஓடி வந்தார்.

"பிள்ளைவாள், நில்லும்வே. சக்கரம் பிடிக்கிற கை நல்ல கை. மத்ததை நான் சொல்லித் தாரேன். எங்கிட்ட வாரும்."

"தைக்குள்ள லைசென்ஸ் வரலைன்னா மாமியார் கிட்ட இருக்கிற எம் பிள்ளை எனக்கு வராது, மேஸ்திரி" என்றார் நாறும்பூநாத பிள்ளை. வேறு யாருடைய சங்கதியையோ சொல்வதுபோல் சொன்னார். "ஆனா உம்ம வீட்டுல தின்னாலும் வராது."

மேஸ்திரி யோசித்தார். "எங்க முற்றத்து வேம்படியில புதுப் பானை வச்சு நீரே பொங்கிக்கிடும். தண்ணி நீரே ஆத்துல எடும். நாங்க அடுப்புப் பக்கம் வரல. போதுமா?"

அப்படித்தான் நடந்தது. காலையில் கிளட்ச், கியர், பிரேக். மத்தியானம் வேம்படியில் சொந்தச் சமையல். மேஸ்திரி வாயும் கையும் ஓயாத மனுஷர். தப்புச் செய்தால் "ஓய்!" என்று ஒரு அதட்டல், சரியாகச் செய்தால் ஒரு கனைப்பு. மார்கழி பிறந்தபோது பிள்ளை கோட்டையைச் சுற்றி நிற்காமல் ஓட்டினார். இனி ஒரு குறையும் இல்லை என்று மேஸ்திரி சொன்ன அன்றைக்குத்தான் அது நடந்தது. பனியில் குளிர்ந்து கிடந்த வண்டியைக் கிளப்பப் பிள்ளை கைப்பிடியைச் சுற்றினார், அது திமிறித் திருப்பி அடித்தது. வலது மணிக்கட்டு பூசணிப் பிஞ்சுபோல வீங்கிவிட்டது.

வலித்தது. ஆடி மாதத்துக்குப் பிறகு அவருக்கு முதல்முதலாக ஏதோ ஒன்று வலித்தது. வேம்படியில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுப்பு மூட்டவில்லை, அரிசி அரிசியாகவே கிடந்தது. மேஸ்திரியின் மனைவி ஜெபராணி இரண்டுதரம் எட்டிப் பார்த்தாள். மறுநாளும் அதே கதை. சாயங்காலம் ஒரு தட்டைக் கொண்டுவந்து தள்ளி வைத்துவிட்டு, தூரமாய்ப் போய் நின்றாள்.

"சோறும் பருப்புத் தொவையலும் ரசமும்தான். புதுச் சட்டியில வச்சிருக்கேன். தின்னுங்கன்னு சொல்ல எனக்குப் பயமா இருக்கு. ஆனா பட்டினி கெடக்கிற ஆளைப் பார்த்துட்டு நாங்க எப்படிச் சாப்பிட? தொண்டையில எறங்கல."

பிள்ளைக்குத் தெரியும், இதைத் தொட்டால் வள்ளியூர்க் குழந்தை இல்லை. தெரிந்தும் இடது கையால் தட்டை இழுத்தார். பசியால் இல்லை. ஒரு பெண்பிள்ளை தூரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது அவருக்குத் தாங்கவில்லை. ஒரு வாய் வைத்தார்.

"உப்புக் கூடுதல்" என்றார்.

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். இன்னொரு வாய் வைத்தார். ஆமாம், கூடுதல்தான். புளிப்பும் தெரிந்தது, மிளகும் தெரிந்தது. ஜெபராணி, "குத்தம் சொல்ல வாய் வந்துட்டே, பிழைச்சுக்கிடுவீங்க" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். மார்கழி முடியும் வரை அந்த வீட்டுச் சோறுதான் அவருக்கு.

தை பிறப்பதற்குள் கைக்கட்டோடேயே பிள்ளை ஓட்டிக் காட்டினார், துரை கையெழுத்துப் போட்டுவிட்டார். அண்ணாச்சி லாரியைக் கொடுத்தார். பொங்கல் கழிந்து பிள்ளை வள்ளியூருக்குப் போனார்.

மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று விசாரித்தாள். வேலை சரி. சம்பளம் சரி. கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படிப் பொங்கினீரு? யாரு போட்டா?"

பிராமணாள் சாப்பாட்டுக் கிளப்பில் தின்றேன் என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்த்தார்கள்? ஆனால் அந்தத் தட்டை இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. செத்துக் கிடந்த நாக்கை எழுப்பிவிட்ட சோறு அது.

"மேஸ்திரி வீட்டுல போட்டாங்க, அத்தை. தின்னேன்."

பிறகு பிரம்மநாயகி சொன்னாள்: "அப்போ பிள்ளையை மறந்துரும். வந்த மாப்பிள்ளையை வெறும் வயித்தோட அனுப்பப்பிடாது. தின்னுட்டுப் போரும்."

இலை வீட்டுக்குள் இல்லை. தொழுவத்துக்குப் பக்கத்தில் போட்டாள். குனியாமல், நின்ற வாக்கில், மேலேயிருந்து சோற்றைத் தள்ளினாள், குழம்பை ஊற்றினாள், போய்விட்டாள். அவள் போட்டது ஞானம்பாள் வைக்கிற அதே புளிக்குழம்பு. மகளுக்குச் சொல்லிக்கொடுத்த கை அல்லவா. பிள்ளை ஒரு வாய் வைத்தார். அதே வெந்தய வாசம், அதே காந்தல் ருசி. ஒன்றுதான் குறைந்தது.

"அத்தை" என்று கூப்பிட்டார். "கொஞ்சம் உப்பு வேணும்."

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. ஞானம்பாள் போன அந்தப் பதினாறு நாளும் எதைப் போட்டாலும் தின்ற மனுஷன் உப்புக் கேட்கிறான். பிரம்மநாயகி வரவில்லை. உள்ளங்கையில் உப்பை ஏந்திக்கொண்டு அன்னத்தாய் வந்தாள். இலை ஓரத்தில் கொட்டினாள். அப்பா முகத்தையே பார்த்தாள். பிறகு, வீட்டில் முன்பு எப்போதும் செய்வதுபோல, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவர் பிசைந்து வைத்த சோற்றில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"அடியே! அந்த இலையில கை வைக்காதே!" மாமியார் ஓடி வந்தாள். அதற்குள் குழந்தை விழுங்கிவிட்டது.

பிள்ளைக்கு அழுகை வந்தது. ஆடியில் வந்திருக்க வேண்டிய அழுகை. குடம் உடைந்ததுபோல வந்தது. எச்சில் கையை நீட்டியபடியே, குழந்தைக்கு முன்னால், மாடுகளுக்கு முன்னால், "ஞானம்பா, ஞானம்பா" என்று வாய்விட்டு அழுதார். அன்னத்தாய், "காரமாப்பா?" என்று கேட்டாள்.

பிரம்மநாயகி நின்ற இடத்திலேயே நின்றாள். அவளும் மகளைப் பறிகொடுத்தவள்தான். இந்த அழுகையைக் கேட்கத்தான் அவள் இத்தனை மாதமும் காத்துக்கொண்டிருந்தாள்.

"உம்ம எச்சிலைத் தின்னுட்டா" என்றாள் கடைசியில், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இனி இவளை எங்க பந்தியில எப்படி உக்கார வைக்க? நீரே கூட்டிட்டுப் போரும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சோற்றுப் பானையை எடுத்துவந்தாள். இந்தத் தடவை குனிந்து, இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருக்குமாக மறுசோறு போட்டாள்.