சுக்குக் கிடங்குக்கு வந்த போட்டோக்காரர்

போன மாதம் என் தம்பி மகன் என்னைப் பிடிவாதமாக மட்டாஞ்சேரிக்கு அழைத்துக்கொண்டு போனான். இடப்பள்ளியில் ஒரு பெரிய கடையில் அவனுக்கு வேலை. "நீங்க வேல பாத்த கெடங்குலதான் மாமி போட்டோ கண்காட்சி. பழைய கொச்சிப் படமா வச்சிருக்காங்களாம்" என்றான். எனக்கு முழங்கால் வலி. ஆனாலும் பழைய கிடங்கு என்றதும் போனேன். புத்தி கெட்டவள்.

அந்தக் கிடங்கில் நான் சுக்கு தரம் பிரித்தேன். அங்கே இரண்டு நாற்றங்கள் உண்டு. ஒன்று சுக்குத் தூசி, மூக்கில் ஏறிக் கண்ணில் நீராக இறங்கும். இன்னொன்று பின்பக்கத்துக் கால்வாய், வேலி இறக்கத்தில், கடல்நீர் வற்றிச் சேறு தெரியும்போது வரும். இப்போது இரண்டும் இல்லை. சுவருக்கு வெள்ளையடித்து, குளிர்காற்று விட்டு, மூலையில் கண்ணாடிக் கோப்பையில் சுக்குக் காபி விற்கிறார்கள். நான் அரை மணி நேரம் நின்றேன், ஒரு தும்மல்கூட வரவில்லை. அந்தக் கட்டடத்தில் தும்மாமல் நிற்பது துணியில்லாமல் நிற்பதுபோல இருந்தது.

உள்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். கறுப்பு வெள்ளை. மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ரவிக்கையும் உள்பாவாடையும்தான். அவிழ்த்த சேலை காலடியில் சுருண்டு கிடக்கிறது. தலைமுடி பிரிந்திருக்கிறது. மடியில் ஒரு பிள்ளை, முகத்தைத் தாயின் கழுத்தில் புதைத்துத் தூங்குகிறது. கீழே ஒரு தகடு: தாயும் சேயும், மட்டாஞ்சேரி. கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு பெண் வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். மனித வாழ்க்கையின் அந்தரங்கமான நிமிடங்களைப் பிடித்தவராம் இந்தக் கலைஞர். அவர் போன இடத்திலெல்லாம் மக்கள் கேமராவை மறந்துவிடுவார்களாம், அவ்வளவு நம்பிக்கையாம் அவர்மேல்.

எனக்குத் துப்ப வேண்டும்போல வந்தது. தரை அவ்வளவு சுத்தமாக இருந்தது, துப்ப இடமில்லை. விழுங்கிக்கொண்டேன்.

"அவ பேரு ஆமினா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அப்படியா ஆன்ட்டி" என்று சிரித்துவிட்டு அடுத்தவர்களிடம் போய்விட்டாள். சரி, அவள் கேட்காததை உங்களிடம் சொல்கிறேன்.

ஆமினாக்காவும் நானும் கொச்சங்காடியில் ஒரே சந்து. எங்கள் ஆட்கள் பாலக்காட்டுப் பக்கமிருந்து பிழைக்க வந்த தமிழ் முஸ்லிம்கள். வீட்டுக்குள்ளே தமிழ், வாசலுக்கு வெளியே மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, வாய் மட்டும் நீளம். ஆமினாக்காவின் புருஷன் மீரான் கராச்சியில் சாயாக்கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் பம்பாய்க்குப் போவதுபோல இங்கிருந்து கராச்சிக்குப் போன ஆட்கள் நிறைய. பிறகு அது வேறு நாடு என்பது கெட்டியாகிவிட்டது. ஒருமுறை எப்படியோ வந்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு பிறந்தவள் சபியா. மகளுக்கு நாலு வயது ஆகியும் அப்பன் முகம் பார்க்கவில்லை. கராச்சிக்குத் தபால் போட்டால் போலீஸ்காரன் வாசலில் வந்து நின்று வீட்டையே கிளறுவான். அதனால் சேதி எல்லாம் கப்பல்காரர்கள் வாய்வழிதான். ஹம்சா காக்கா என்று ஒரு கப்பல்காரர் இருந்தார். அவருடைய கப்பல் எங்கெங்கோ சுற்றி வருடத்துக்கு ஒருமுறை கராச்சியைத் தொடும். மீரான் அவரிடம் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையின் படம் வேண்டும்.

ஸ்டுடியோவுக்குப் போக ஆமினாக்கா நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆள் வந்தார். பம்பாயிலிருந்து வந்தவர். பெயரை எழுதமாட்டேன், எழுதினால் அதுவும் அவருக்கு விளம்பரம். முதலாளிக்கு வேண்டியவராம். கழுத்தில் இரண்டு கேமரா. எங்களை வேலை வாங்கிய மூப்பன்தான் அவருக்கு மொழிபெயர்ப்பு. நாங்கள் வேலை செய்வதை எடுக்கப்போகிறார் என்றார் மூப்பன். அழுக்குத் துணியோடு, மூக்கில் கட்டிய கந்தலோடு எடுத்தால் எவள் சம்மதிப்பாள்? எல்லோருமே மரமாக நின்றோம். அந்த ஆளுக்கு எரிச்சல். பிறகு மூப்பனிடம் ஏதோ சொன்னார். மூப்பன் எங்களிடம் வந்து, வெள்ளிக்கிழமை எல்லாரையும் தனித்தனியாக நிறுத்தி நல்லதாக ஒரு படம் எடுத்துத் தருவார், எறணாகுளத்தில் கழுவி இரண்டே நாளில் கையில் கொடுப்பார் என்றார். ஹம்சா காக்காவின் கப்பல் கிளம்ப ஒரு வாரம் இருந்தது. ஆமினாக்கா ஸ்டுடியோவை மறந்தாள்.

அன்று நடந்த கூத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. எங்களிடம் நல்ல சேலை என்று ஒன்றுதான் இருந்தது. புதிதாக நிக்காஹ் ஆன ஒருத்தியின் கத்திரிப்பூ நிறப் பட்டு. மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய் ஒவ்வொருத்தியாக அதைக் கட்டிக்கொண்டு வந்தோம். "பாக்குறவன் பயந்துபோவான்டி" என்றாள் ஆமினாக்கா. "ஒரே பொம்பளைக்கு எத்தனை மூஞ்சின்னு கேப்பான்."

படம் என்றால் அப்போது எங்களுக்குச் சட்டம் உண்டு. இரண்டு காதும் தெரிய வேண்டும். இரண்டு பாதமும் தெரிய வேண்டும். முழங்காலோடு வெட்டிய படத்தைப் பார்த்தால், இவளுக்குக் கால் இல்லையோ என்று ஊர் கேட்கும். கையைத் தொங்கவிட்டு, மூச்சை அடக்கி, கேமராவையே பார்க்க வேண்டும். நான் நின்ற நிலையைப் பார்த்து, கோழி திருடி அகப்பட்டவள் மாதிரி இருக்கிறாய் என்றார்கள். கடைசியாக ஆமினாக்கா முக்காட்டை இழுத்துவிட்டு, சபியாவை ஒரு கவிழ்த்த கூடைமேல் ஏற்றி, முகம் நேராகத் தெரியும்படி தாடையைப் பிடித்துத் திருப்பிவைத்தாள். அந்த ஆள் குனிந்து, நிமிர்ந்து, விரலை ஆட்டி, ஒவ்வொருத்திக்கும் ஒருமுறை அழுத்தினார். சத்தம் நன்றாகக் கேட்டது. சபியாவுக்கு மட்டும் இரண்டுமுறை அழுத்தச் சொல்லி ஆமினாக்கா கெஞ்சினாள். அழுத்தினார்.

அதற்குப் பிறகு அவர் இருப்பதையே நாங்கள் பொருட்படுத்தவில்லை. படம் எடுத்தாயிற்று, வேலை முடிந்தது, இனி அந்த ஆள் கிடங்கில் பூனைபோல. தலையைச் சொறிந்தோம், பேன் பார்த்தோம், மூட்டைமேல் படுத்தோம், மூப்பனைத் திட்டினோம்.

இரண்டு நாள் போயிற்று. நாளை என்றார் மூப்பன். மறுநாளும் நாளை என்றார். பிறகு ஒருநாள் அந்த ஆள் வரவில்லை. ஹம்சா காக்கா காலையில் கிளம்பவேண்டும், முதல் நாள் சாயங்காலம் ஆமினாக்கா மூப்பனை வழிமறித்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

மூப்பன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சிரித்தார். "ஏது படம்? நிங்களை நிறுத்திவச்சு அடிச்ச கேமராவில் பிலிமே இல்லடி. அது காலிப் பெட்டி. மத்ததுலதான் பிலிம்."

எதற்கு அப்படி என்று நான் கேட்டேன். அதை அவர் ஒரு பெரிய கெட்டிக்காரத்தனமாகச் சொன்னார். இந்த மாதிரி ஆட்கள் கேமராவைக் கண்டால் விறைத்துக்கொள்வார்கள், முதலில் அந்த ஆசையைத் தீர்த்துவிட்டால் அப்புறம் மறந்துவிடுவார்கள், அப்போதுதான் நிஜம் கிடைக்கும் என்று அந்த ஆள் முதலாளியிடம் சொன்னாராம். முதலாளிக்கும் சிரிப்பாம்.

நான் மூப்பனைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அச்சில் ஏறாது. அன்றோடு எனக்கு வேலை போயிற்று, தோப்பும்படியில் இறால் உரிக்கப் போனேன். அந்த நாற்றம் எவ்வளவோ மேல். கூடையில் ஏறி நின்றதில் பிள்ளைக்குக் கால் வலித்தது என்று மட்டும் ஆமினாக்கா சொன்னாள்.

ஆனால் நிஜம் என்று அவர் பிடித்தது எதை என்று எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. அந்தப் பெரிய படத்தின் முன்னால் நின்றபோது முதலில் ஆமினாக்காவின் தோளைப் பார்த்தேன், பிறகு தரையைப் பார்த்தேன், பிறகுதான் உறைத்தது. அது மேலிருந்து கீழே பார்த்து எடுத்த படம். நாங்கள் சேலை மாற்றிய அந்த மூட்டை மறைவுக்கு நேர் மேலே மச்சு. பழைய சாக்குகள் போட்டுவைக்கும் இடம், எலி ஓடும், யாரும் ஏறமாட்டோம். அவர் ஏறியிருக்கிறார். இரவல் சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு, தூங்கிப்போன பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஒருத்தி மூச்சு வாங்குகிறாள். நாங்களே அந்தப் பக்கம் திரும்பமாட்டோம். அவர் சாக்குக்குள் படுத்துக்கொண்டு எடுத்திருக்கிறார். நம்பிக்கையாம்.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கையும், பிள்ளையின் பாரமும் அப்படியே இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. பிள்ளையின் முகம் மட்டும் இல்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை.

மூப்பன் அப்படிச் சிரித்த மறுநாள் காலை ஹம்சா காக்கா படத்தை வாங்க எங்கள் சந்துக்கு வந்தார். பீடி நாற்றம், சவரம் செய்யாத முகம், அவசரம். ஆமினாக்கா சபியாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, வாசலில் நிறுத்தியிருந்தாள்.

"படம் இல்ல காக்கா" என்றாள். "நீங்க இவள நல்லாப் பாத்துக்குங்க. பாத்தத அங்க போய் அவருகிட்டச் சொல்லுங்க."

"ஞான் எந்தா போட்டோ மிஷினா?" என்றார் அவர். ஆனால் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

இந்த மாதிரி ஒரு ஆள் முன்னால் வந்து குந்தி முகத்தையே பார்த்தால், சபியாவுக்குத் தெரிந்தவரை அவர் டாக்டர். வாயை ஆவென்று திறந்துவிட்டாள். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. நெற்றியைப் பார்த்தார், காதை மடக்கிப் பார்த்தார், வாய்க்குள்ளே பார்த்தார். மேல்வரிசையில் நடுப்பல் இரண்டுக்கும் இடையில் ஒரு அரிசி நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. "இது மீரானுக்கும் உண்டு" என்று விரலை வைத்தார். அவள் நறுக்கென்று கடித்தாள்.

"கடிக்கும்னும் சொல்லணும்" என்று விரலை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

அவர் போன அந்த வருடமே இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் சண்டை வந்தது. கப்பலும் இல்லை, சேதியும் இல்லை. ஹம்சா காக்கா வேறு எந்தத் துறைமுகத்திலோ நோயில் செத்துப்போனதாகச் சொன்னார்கள். கராச்சியைத் தொட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை. சில வருடம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு கப்பல்காரர் வீடு விசாரித்துக்கொண்டு வந்தார். மீரான் ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறார் என்றார். பிள்ளையின் பல்லுச் சந்து அடைந்துவிட்டதா?

ஆமினாக்கா சபியாவைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னாள். பால்பல் எல்லாம் எப்போதோ விழுந்துவிட்டது. புதுப்பல் நெருக்கமாக, வரிசையாக இருந்தது. எப்போது மாறியது என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் அந்த ஆளிடம். "அப்படியேதான் இருக்குன்னு சொல்லுங்க."

அந்தப் பதில் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அதற்குப் பிறகு எந்தக் கப்பல்காரரும் எங்கள் சந்துக்கு வரவில்லை. சந்தே இப்போது இல்லை, அந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி. மீரான் செத்தது பல வருடம் பிந்திக் காதில் விழுந்தது. ஆமினாக்காவும் போய்விட்டாள், மச்சிலிருந்து தன்னை ஒருவன் பார்த்தது தெரியாமலே போனாள், அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். சபியாவுக்கு இப்போது மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல். அந்தப் பல்லுச் சந்து எந்தப் படத்திலும் இல்லை. கராச்சியில் சாயா ஆற்றிக்கொண்டிருந்த ஒருவரின் தலைக்குள் சில வருடம் இருந்தது, அவ்வளவுதான்.