சேவல் கொண்டைக்காரன் காட்டிய கிளைமாக்ஸ்

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மதியம், லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன மாடி அரங்கில் நடந்தது இது. நினைத்தால் இன்னும் படபடக்கிறது.

எண்பதுகளில் வந்த ஒரு மட்டமான பேய்ப்படம். இடிந்த நகரம், தலைமுடியை ஊசி ஊசியாக நிறுத்திய பங்க் கும்பல்கள், சாக்கடையிலிருந்து ஏறிவரும் பேய்கள். காசே இல்லாமல் எடுத்தது. பேயின் முதுகில் ஜிப் தெரியும். சின்ன வயதில் மார்சிலிங்கில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு வீடியோவில் நானும் என் தங்கையும் பார்த்தோம். கடைசியில் கும்பல் தலைவி தன் ஆட்களைக் காப்பாற்றத் தனியாகச் சுரங்கத்தில் இறங்குவாள். சரியாக அந்த இடத்தில் மெஷின் டேப்பைக் கடித்துத் துப்பிவிட்டது. அவள் செத்துவிட்டாள் என்றேன் நான். வெளியே வந்திருப்பாள் என்றாள் தங்கை. தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும் என்று பந்தயம். தலை நரைத்தும் அந்தச் சண்டை தீரவில்லை. படமும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

பழைய படங்கள் சேர்க்கும் ஒருவர் அதைத் திரையிடுகிறார் என்று தெரிந்ததும் இருவரும் ஓடினோம். மறுநாள் காலை தங்கை ஆஸ்திரேலியாவில் மகளோடு இருக்கப் போகிறாள், ஒரேயடியாக. இதை விட்டால் சேர்ந்து பார்ப்பது நடக்காது.

அரங்கில் எனக்கு முன்னால் ஒருவன் வந்து உட்கார்ந்தான். தலை நடுவில் ஒரு முழத்துக்குச் சிவப்பு முடி. சட்டையெல்லாம் ஆணி. பாதித் திரை மறைந்துவிட்டது. எனக்கு இனிமையாகப் பேச வராது.

"தம்பி, அந்தச் சேவல் கொண்டைய மடக்கு. இல்ல, எந்திரிச்சுப் போ."

"சாரி அங்கிள். ஜெல் போட்டாச்சு, மடங்காது லா."

சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து தரைக்குச் சரிந்துகொண்டான். படம் முழுக்க அப்படியேதான் இருந்தான்.

படத்தைத் தொடங்கவே தாமதமாக்கிவிட்டார்கள். தலைவி சுரங்கத்தில் இறங்கினாள். தங்கை என் கையை இறுக்கினாள். பட்டென்று விளக்கு எரிந்தது. அரங்கு வாடகை நேரம் முடிந்ததாம், அடுத்தது பரதநாட்டிய வகுப்பாம். வாசலில் சலங்கையோடு பிள்ளைகள் நின்றார்கள். கொஞ்ச நேரம்தானே என்று கத்திப் பார்த்தேன். இந்த ஊரில் நேரம் முடிந்தால் முடிந்ததுதான். படக்காரர் லேப்டாப்பை மூடிவிட்டார்.  தங்கை படி இறங்கும்போது மூக்கை உறிஞ்சினாள்.

கொண்டைக்காரன் படக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு எங்களைத் தாண்டி ஓடினான். நாங்கள் கீழே வந்தால், எதிர் பிரியாணிக் கடையிலிருந்து கையாட்டுகிறான். டிவிக்குக் கீழே இருந்த எல்லா மேசையிலும் டிஷ்யூ பாக்கெட். டிஷ்யூ வைத்த மேசையில் இங்கே வேறு யாரும் உட்கார மாட்டார்கள். ஒரு ஆள் ஒரு மேசை பிடிப்பான். இவன் பாதிக் கடையைப் பிடித்துவிட்டான். கடைக்கார பாய் கடுப்பாகிவிட்டார்.

"சாப்பிடற எடத்துல பேயா? வியாபாரம் படுத்துரும்பா."

"எல்லாரும் பிரியாணி வாங்குவாங்க பாய்."

படம் பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் எங்கள் பின்னாலேயே வந்து தலையாட்டியது. கொண்டைக்காரன் கல்யாண மேடைகளில் ஒலிபெருக்கி வேலை பார்ப்பவனாம். பையிலேயே வயர் வைத்திருந்தான். படக்காரர் கொண்டுவந்த லேப்டாப்பை டிவியில் மாட்டினான்.

பாட்டு ஓடிய டிவியில் பேய் வந்தது. சாப்பிட்டவர்கள் கை பாதியில் நின்றது. சுரங்கத்தின் இரும்புக் கதவு மூடியது. புகை. அலறல். பிறகு சத்தமே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று தங்கையைப் பார்த்தேன். அப்போது கதவு இடுக்கில் ஒரு கை. பின்னாலேயே தலைவி, முகமெல்லாம் தக்காளி சாஸோடு, சங்கிலியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தங்கை நாற்காலி மேல் ஏறிவிட்டாள். "நான் சொன்னேன்ல அண்ணே, நான் சொன்னேன்ல!"

பாய் கல்லாவை விட்டு ஓடி வந்து, பெண் பிழைத்துவிட்டாளா என்று கேட்டார். தோற்ற நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்தினேன்.

வெளியே வந்ததும் கொண்டைக்காரனைப் பிடித்தேன். நான் அப்படித் திட்டியும் எதற்கு இவ்வளவு செய்தாய் என்று கேட்டேன்.

"படம் பூரா ரெண்டு பேரும் செத்துட்டா, சாகலன்னு என் தலைக்கு மேல சண்ட போட்டீங்களே அங்கிள். எனக்கும் தெரிஞ்சாகணும்ல."

அன்று மாலை சுவா சூ காங்கில் தங்கை வீட்டுப் பாத்திரம் முழுவதையும் நான்தான் கழுவினேன். மீதி நாள்களுக்கு ஆஸ்திரேலியா வந்து கழுவுங்கள் என்று இப்போதும் போனில் மிரட்டுகிறாள். என் முன்கோபம் ஒன்றும் குறையவில்லை. ஆனால் ரயிலில் எவனாவது முடியை நிறுத்திக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றால் முறைக்க முடிவதில்லை. அந்தத் தலைக்கு அப்பால் எனக்குத் தெரிவதெல்லாம் நாற்காலி மேல் நின்று கத்துகிற என் தங்கைதான்.