தெரியாது என்று சொன்ன ஊர்

விடியும் முன்பே எங்கள் கடைத்தெருவில் பாண் ரொட்டி வேகும் வாசனை எழும்பிவிடும். மலையிலிருந்து இறங்கும் பனியோடு கலந்து, அப்பாவின் மளிகைக்கடைக்கு மேலிருந்த மாடியறையில் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் சின்னப் பெண்ணான என்னை அதுதான் எழுப்பும். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ் பாதையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஊர் அது. பெயரைச் சொல்லமாட்டேன். அந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு எதையும் லேசில் சொல்லிவிட வாய் வராது, அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் ஊரை உண்டாக்கியது இரண்டாம் உலக யுத்தம். அதற்கு முன்னால் அங்கே நாலு கடையும் ஒரு பிள்ளையார் கோயிலும்தான் இருந்தனவாம். கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு வெள்ளைக்காரன் பட்டாளத்தைக் கொண்டுவந்து எங்கள் மேட்டில் 'கேம்ப்' போட்டான். லொறிகளுக்காகப் பாதை அகலமானது, சிப்பாய்களுக்காகச் சலவைக்கடை, தையல்கடை, சலூன் எல்லாம் வந்தன, அவர்களுக்குப் பாண் சுடச் செங்கல்லால் பெரிய 'போறணை' ஒன்றும் கட்டினார்கள். அடுத்த குண்டு நம் ஊருக்குத்தான் என்று எல்லோரும் உறுதியாக நம்பினார்கள். இப்படி ஓர் ஊர் இருப்பது ஜப்பான்காரனுக்குத் தெரிந்திருக்குமா என்று எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் பிறந்து விவரம் தெரிவதற்குள் பட்டாளம் போய்விட்டது. கவிழ்த்த பீப்பாயைப் போன்ற அதன் தகரக் கொட்டகைகள் மட்டும் நின்றன; அவற்றில் ஒன்றில்தான் எங்கள் பள்ளிக்கூடம் நடந்தது, மழை பெய்தால் வாத்தியார் வாயசைப்பது மட்டும்தான் தெரியும்.

பட்டாளம் விட்டுப்போன இன்னொன்று சந்தேகம். யுத்த நாளில் ஒருவன் சலூனில் முடிவெட்ட உட்கார்ந்து, கேம்ப்புக்கு எத்தனை லொறி வருகிறது, எந்த வழியாக வருகிறது என்று பேச்சுக்கொடுத்திருக்கிறான். சலூன்காரரும் கத்தரிக்கோல் போன வேகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வந்தவன் மாறுவேஷத்தில் ஊரைச் சோதிக்க வந்த பட்டாளத்துக்காரன். அன்றைக்கே சலூன்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில நாள் கழித்துத் திரும்பி வந்தவர் பெண்சாதியிடம்கூடப் பேசவில்லையாம். கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு எங்கள் ஊரில் வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

அதிலிருந்து அந்நியன் யார் எதைக் கேட்டாலும் ஊரின் பதில் ஒன்றுதான்: "தெரியாதுங்க." தையல்கடைச் சிங்களக்காரர், எங்களுக்கெல்லாம் 'பாஸ்', அதையே தன் மொழியில் 'தன்னெ நே' என்பார். தபாற்கந்தோர் வாசலில் நின்றுகொண்டு தபாற்கந்தோர் எங்கே என்று கேட்டவரிடம்கூட என் அம்மா தெரியாது என்று சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். "பகல்ல பக்கம் பாத்துப் பேசு, ராத்திரியில அதுவும் பேசாத" என்று எங்களுக்குச் சோறு ஊட்டும்போதே ஊட்டினார்கள். யுத்தம் முடிந்து பத்து வருஷமாகியும் ஊர் கேம்ப்புக்குக் காவல் இருந்தது, கேம்ப்தான் இல்லை.

அந்தப் போறணையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாமல் பட்டாளம் விட்டுப்போனபோது, அங்கே மாவு பிசைந்துகொண்டிருந்த முத்தையாவும் அதோடு நின்றுவிட்டார். பக்கத்துத் தோட்டத்துக் கூலியாட்களின் வரிசைவீடான 'லய'த்தில் பிறந்தவர். அவர் மகள் பாக்கியம் என் வகுப்பு. அவள் கொண்டுவரும் பாண் ஓரத்துக்காகவே நான் அவளோடு சிநேகமானேன், பிறகு அது இல்லாமலும் சிநேகமாக இருந்தேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமை போய்விட்டிருந்தது. வேண்டுமென்றால் மனுப்போட்டு, இங்கேயே விடாமல் இருந்து வருகிறோம் என்று காட்ட வேண்டும். அப்பா எங்களுக்காக வக்கீல் மூலம் மனுப்போட்டுவிட்டு யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்தார். முத்தையாவிடம் யாராவது கேட்டால், "எனக்கெதுக்குங்க அதெல்லாம், மாவு பெசயிறவனுக்கு" என்று சிரித்து மழுப்பிவிடுவார். அதே நாட்களில் இந்தியாவிலிருந்து திருட்டுத்தனமாகப் படகேறி வந்தவர்கள் என்று சொல்லி 'கள்ளத்தோணி'களைப் பிடிக்கிற பொலிசும் ஊர் ஊராகத் திரிந்தது.

ஒரு நாள் காலை பஸ்ஸிலிருந்து காக்கிக் கால்சட்டையும் கறுப்புக் குடையுமாக ஒருவர் இறங்கினார். கடை கடையாக ஏறி, முத்தையா என்று ஒருவர் இங்கே இருக்கிறாரா, எத்தனை வருஷமாக இருக்கிறார், குடும்பம் இங்கேதானா என்று கேட்டார். பள்ளிக்கூட விடுமுறை, நான் கடையில் இருந்தேன். கள்ளத்தோணி பிடிக்க வந்தவன் என்று அப்பாவுக்குப் பட்டது. மனுப்போடாத முத்தையாவைத் தேடி வேறு யார் வரப்போகிறார்கள்? அப்பா தராசைத் துடைத்துக்கொண்டே, அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லையே என்றார். சலவைக்கடையில் தெரியாது. பாஸ் கடையில் 'தன்னெ நே'. முத்தையா அன்று மாவு வாங்க ஹட்டனுக்குப் போயிருந்தார். கால்சட்டைக்காரர் போறணைக்குப் பின்னாலிருந்த வீட்டைத் தட்டியபோது முத்தையாவின் மனைவி தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு மூச்சுக் காட்டவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு கெட்டிக்கார ஊர் எங்களுடையது என்று நினைத்தேன்.

சாயங்காலம் முத்தையா மாவு மூட்டையோடு வந்து இறங்கியதும் அப்பா கூப்பிட்டு, காக்கிக் கால்சட்டையில் ஒருவன் உன்னைத் தேடி வந்தான், ஒரு வாய்கூடத் திறக்கவில்லை, பயப்படாதே என்று முதுகில் தட்டினார். முத்தையா அப்படியே மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஆளுக்காகத்தாங்க மொதலாளி ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "நானும் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தேங்க. அத விசாரிக்க வந்த கந்தோர் ஆளுங்க அவரு."

 "ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று அப்பா கேட்டார்.

"வெளிய தெரிஞ்சா எவனாவது கெடுத்துருவானோன்னு பயந்துட்டேங்க."

அவர் ஊரைச் சந்தேகப்பட்டார். ஊர் வந்தவரைச் சந்தேகப்பட்டது. மறுநாளே அப்பா சலவைக்கடைக்காரரையும் பாஸையும் அழைத்துக்கொண்டு நுவரெலியாவில் மனுக்களை விசாரிக்கும் அரசாங்கக் கந்தோருக்கு ஓடினார். முத்தையா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று மூவரும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். அங்கிருந்த அதிகாரி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, நேற்றுவரை யாருக்கும் தெரியாத மனிதன் இன்று எல்லோருக்கும் எப்படித் தெரிந்தான், அவன் உங்களுக்கு என்ன கொடுத்தான் என்று கேட்டாராம். சந்தேகம் எங்கள் ஊரின் தனிச்சொத்து என்று நினைத்திருந்தோம். அது கந்தோருக்குள்ளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

முத்தையாவின் மனு தள்ளுபடியானது. எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. கொஞ்ச காலம் முத்தையா அங்கும் இங்கும் அலைந்து பார்த்தார், பிறகு தன் தகப்பனார் பிறந்த திருச்சிப் பக்கத்து ஊருக்கு, தான் ஒருநாளும் கண்டிராத அந்த ஊருக்கு, குடும்பத்தோடு கிளம்பினார். தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறவேண்டும். ஹட்டன் போகும் பஸ்ஸடியில் கடைத்தெருவே கூடி நின்றது, யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார்.

"விடுங்க மொதலாளி" என்றார் முத்தையா. "ஒங்களத் தேடி வந்திருந்தா நானும் தெரியாதுன்னுதாங்க சொல்லியிருப்பேன்."

பாக்கியம் பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். நான் கையசைத்தேன். அவள் என்னைத் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்தப் பார்வையை எங்கள் ஊர்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது, அதனால் அவள்மேல் எனக்குக் கோபமில்லை, வலிதான் இருந்தது, இன்னும் இருக்கிறது. திருச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எவரைக் கண்டாலும் விசாரிப்பேன். ஒரு தகவலும் இல்லை.

போன வருஷம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். தகரக் கொட்டகைகள் ஒன்றும் இல்லை. போறணை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கும் கடை. அங்கிருந்த இளைஞன் நான் யார், எதற்கு வந்தேன் என்றுகூடக் கேட்காமல், கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, எந்த வீடு யாருக்கு விலைபோனது, யாருடைய மகன் வெளிநாட்டில் என்ன செய்கிறான், யார் சாயங்காலமானால் குடிக்கிறார் என்று மடமடவென்று கொட்டித் தீர்த்தான். யுத்தம் எங்கள் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போன சந்தேகம் துளிகூட அவனிடம் இல்லை. நல்லதுதானே என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்கோ அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இப்படியொரு ஓட்டைவாய் அன்றைக்கு எங்கள் தெருவில் ஒன்றே ஒன்று இருந்திருந்தால், பாக்கியம் இங்கேயே இருந்திருப்பாள்.