பதினேழு எங்கே?

நான் கல் உடைக்கிறவன். கதை கட்டும் வாய் எனக்கில்லை. பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். கீழே வரும் நேரம் ஒவ்வொன்றும் கடிகாரம் பார்த்துச் சொல்வது. என் வீட்டு வாசலில் நடந்தது இது.

குவாரியை ஒட்டி எங்களுக்கு லைன் வீடு. ஒரே அறை. தகரக் கூரை, தகரக் கதவு. வீட்டுக்கு இரண்டு பேர் வேலைக்கு வர வேண்டும். ஒரு கை குறைந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும். அது கம்பெனிச் சட்டம். லைனின் கடைசியில் நான்கு அறைப் பள்ளிக்கூடம். முப்பத்தொரு வருடம் அதைத் தாங்கிப் பிடித்தவர் தலைமை ஆசிரியை. எங்களுக்குப் பெரிய டீச்சர். குடும்பம் கிடையாது. பெஞ்சுக்கு ஆணி அடிப்பதும், கரும்பலகைக்குக் கரி அரைத்துப் பூசுவதும் அவரே. அவரிடம் படித்து லைனை விட்டு வெளியேறிப் பிழைத்தவர்கள் நாலு பேர். முப்பத்தொரு வருடத்தில் நாலு பேர்தான். அந்த நாலு பேருக்காக அவர் மற்ற எல்லார் வீட்டுக் கதவையும் தட்டினார்.

காலை ஆறு பத்துக்குக் குடையோடு வருவார். வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் சந்தேகப்படும் வீடுகளில், குடைக் கைப்பிடியால் மூன்று தட்டு. பேர் சொல்ல மாட்டார். வருகைப் பதிவேட்டு நம்பர்தான். "பதினொண்ணு, எழுந்து முகம் கழுவு. கல்லு எங்கேயும் ஓடிடாது." வராத பிள்ளைக்கு அவர் மையால் ஆப்சென்ட் போட்டதில்லை. பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். தேடிப் பிடித்து வந்த பிறகு புள்ளி மேல் மையால் டிக். புள்ளி புள்ளியாகவே நிற்க விட்டதில்லை.

நானும் அவரிடம் எட்டு வரை படித்தவன்தான். என் நம்பர் ஒன்பது. தாடி நரைத்த பிறகும் அவருக்கு நான் "டேய் ஒன்பது". என் மகள் பதினேழாம் நம்பர். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

அந்தத் திங்கட்கிழமை வாசல் வாசலாக வந்து சொன்னார்.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆபீசர் தலை எண்ண வர்றாரு. இருபது தலை இருக்கணும். நம்மகிட்ட சரியா இருபதுதான். ஒண்ணு குறைஞ்சாலும் பள்ளிக்கூடத்தைப் பூட்டிடுவாங்க. டேய் ஒன்பது, உன்னைத்தான்."

"கண்டிப்பா அனுப்பறேன் டீச்சர்."

"ஏழாவதுலயும் இப்படித்தான் தலையாட்டுவே. கணக்கு மட்டும் வராது."

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை பெரிய டீச்சர் வகுப்பிலேயே மயங்கி விழுந்தார். டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். புதன் மாலை என் மனைவிக்குக் காய்ச்சல், எழ முடியவில்லை. மேஸ்திரி வாசலில் நின்றபடியே சொன்னான்.

"நாளைக்கு ரெண்டு கை வரலைன்னா சாமானைக் கட்டு."

மகளைக் கல் அரைக்கும் கிரஷருக்குக் கூட்டிப் போவதென்று முடிவு செய்தேன். ஒரு நாள்தானே.

வியாழக்கிழமை நாலு மணியிலிருந்தே மழை. கூரையில் ஜல்லி கொட்டுவது போலச் சத்தம். பக்கத்தில் கத்தினால்கூடக் கேட்காது.

ஆறு பத்து.

டக்... டக்... டக்.

அத்தனை மழையிலும் துல்லியமாகக் கேட்டது. கதவில் தட்டியது போல இல்லை. என் காதுக்குள் தட்டியது போல...

"அப்பா, டீச்சர்" என்று மகள் எழுந்தாள். அவள் வாயைப் பொத்தினேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவரைக் கண்டாலே குரைக்கும் லைன் நாய் அன்று குரைக்கவில்லை. இருபது வருடமாக அவரை விடாத தூசி இருமலும் இல்லை.

"ஒன்பது."

மகளின் வாயை இன்னும் இறுக்கிப் பொத்தினேன்.

"ஒன்பது... பதினேழு எங்கே?"

"அவ இல்லை டீச்சர். அத்தை வீட்டுக்குப் போயிருக்கா."

அவரிடமே படித்த என் தங்கை கல்யாணமாகிப் போன ஊர் பஸ்ஸில் நாலு மணி நேரம். அதனால்தான் அந்தப் பொய்.

வெளியே மழை மட்டும். என் உள்ளங்கையில் மகளின் மூச்சு சுட்டது. பிறகு குரல் வந்தது.

"சரி. அங்கே போய்ப் பாக்கறேன்."

ஆறு நாற்பதுக்குக் கதவைத் திறந்தேன். வாசல் முழுக்கச் சேறு. படிக்கு முன்னால் மட்டும், இரண்டு செருப்பளவு இடம் காய்ந்து கிடந்தது. வெள்ளைத் தூசி. மழை அதன் மேலும் பெய்துகொண்டுதான் இருந்தது.

நனையவில்லை.

மகள் குனிந்து தொடப் போனாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

பத்து மணிக்கு ஆபீசர் எண்ணினார். பத்தொன்பது.

மதியம் இரண்டரைக்கு டவுனிலிருந்து திரும்பிய லாரி டிரைவர் சொன்னான்.

"உங்க பெரிய டீச்சர் போயிட்டாங்க."

"எப்போ?"

"நேத்து சாயங்காலம் நாலு இருபதுக்கு."

"காலையில வந்தாங்களே."

"யாரு?"

நான் சம்மட்டியைக் கீழே வைத்தேன்.

அந்த மாதமே பள்ளியைப் பூட்டினார்கள். கம்பெனி அதை சிமென்ட் குடோன் ஆக்கியது. பிள்ளைகள் எல்லாரும் ஒவ்வொருவராகக் கிரஷருக்கு வந்தார்கள். என் மகளின் ஒரு நாள் ஏழு வருடமானது.

பள்ளி பூட்டுவதற்கு முன்பே தங்கை போன் செய்திருந்தாள்.

"அண்ணே, பெரிய டீச்சர்கிட்ட என்ன சொல்லி வெச்சே?"

"ஏன்?"

"தினம் ஆறு பத்துக்குக் கதவைத் தட்டறாங்க. என் பழைய நம்பரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. பதினேழு வந்தாச்சான்னு கேக்கறாங்க. திறந்தா ஆளில்லை."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் வரலைன்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்ல?"

அதன் பிறகு அவள் மூன்று வீடு மாறினாள். தட்டலும் கூடவே மாறியது.

போன வருடம் மகளின் நெஞ்சில் தூசி இறங்கிவிட்டது. "இந்த இடத்தை விட்டு உடனே அனுப்புங்க. இங்கேயே இருந்தா ஆறு மாசம்" என்றார் டாக்டர். அனுப்ப எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. தங்கைக்குப் போன் செய்து டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தங்கைதான் சொன்னாள்.

"அனுப்பு அண்ணே. இங்கே காத்தாவது நல்லா இருக்கு."

பஸ் ஜன்னலிலிருந்து மகள் சிரித்தாள்.

"இப்ப நிஜமாவே அத்தை வீட்டுக்குப் போறேன்பா."

மறுநாள் காலை ஆறு முப்பதுக்கு போன் அடித்தது.

ஆறு பத்துக்குத் தட்டியதாம். தங்கை பயத்தில் போர்வைக்குள் சுருண்டுவிட்டாள். இருட்டில் மகள் எழும் சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம். முகம் கழுவும் சத்தம்.

"வந்துட்டேன் டீச்சர்."

தாழ்ப்பாள் நீக்கும் சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை...

தங்கை வந்து பார்த்தபோது மகள் திறந்த கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தது. முகம் ஈரமாக இருந்தது.

மூச்சில்லை.

அன்றிலிருந்து அங்கே யாரும் தட்டவில்லை.

எல்லாம் முடிந்த நாலாம் நாள் குடோனில் மூட்டை இறக்கப் போனேன். பெரிய டீச்சரின் அலமாரி மூலையில் அப்படியே இருந்தது. பூட்டு துருவேறிக் கிடந்தது. கம்பியால் நெம்பினேன். ஏழு வருடத்துக்கு முந்தைய பதிவேடு உள்ளே இருந்தது. அந்த வியாழக்கிழமையைத் தேடி எடுத்தேன். அன்று வருகை எடுத்தது பெரிய டீச்சருக்கு உதவியாக இருந்த சின்ன டீச்சர். அவருக்குப் புள்ளி வைக்கும் பழக்கமே கிடையாது.

பதினேழில் பென்சில் புள்ளி இருந்தது.

அதன் மேல் மையால் ஒரு டிக்.

விரலால் தடவினேன்.

மை விரலில் ஒட்டியது.