ஒரு பின்பால் மெஷினைத் துடைத்து விற்ற பாடு

பழைய சாமான் வியாபாரத்தில் வாங்குவதும் சுலபம், விற்பதும் சுலபம். நடுவில் துடைப்பது என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் ஆளைத் தின்றுவிடும். ரிப்பேரான மிக்ஸியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மறுபடி பூட்டத் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே சாதி.

எர்ணாவூரில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை. மூடிப்போன கேம் சென்டர்களிலிருந்து விளையாட்டு மெஷின்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறேன். வயரிங் வேலைக்குக் காதர் பாய். இந்தத் தொழிலில் ஒரு பொம்பளையா என்று கேட்பவர்களுக்கும் அவரே பதில் சொல்லிவிடுவார்.

பாலு சார்

துறைமுகத்துப் பக்கம் கப்பல்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றை மூடினார்கள். அங்கிருந்துதான் அந்தப் பின்பால் மெஷின் கிடைத்தது. சாய்ந்த நீளப் பெட்டி, மேலே கண்ணாடி. உள்ளே ஓர் எஃகுக் குண்டு உருண்டு வரும். பெட்டியின் இரண்டு பக்கத்திலும் பொத்தான் உண்டு. சரியான நேரத்தில் அழுத்தினால் துடுப்பு மாதிரி ஒரு கட்டை குண்டைத் திருப்பி அடிக்கும். தவறினால் குண்டு குழிக்குள் போய்விடும். அவ்வளவுதான் விளையாட்டு.

டெம்போ கிடைக்கவில்லை. பெட்டியின் கால்களைக் கழற்றி, கண்ணாடியில் கீறல் விழாமலிருக்க வீட்டிலிருந்து கொண்டுபோன வெள்ளைப் போர்வையைச் சுற்றி, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றினோம். பாய் வண்டியில் உட்கார்ந்து ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் ஸ்கூட்டியில். கல்மண்டபம் சிக்னலில் வண்டி நின்றதும் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். டீ மாஸ்டர் என் அருகில் வந்து, "யாரும்மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பின்பால்" என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயய்யோ, நம்ம பாலு சாரா? காலீல கூட டீ குட்சிட்டுப் போனாரேம்மா!"

உலக நாடுகள்

கண்ணாடியை எடுத்து, விளையாட்டுப் பலகையைத் தூக்கி நிறுத்தினால் அடியில் ஒரு தனி உலகம் இருந்தது. கரப்பான் குடும்பம், துருப்பிடித்த ஸ்க்ரூக்கள், ரப்பர் வளையங்கள் உருகி ஆன தார், ஒரு பல்லியின் எலும்புக்கூடு. எல்லாவற்றையும் பழைய டூத் பிரஷ்ஷால் கூட்டி ஒரு தட்டில் போட்டோம். காசுப்பெட்டியைத் திறந்தால் நாங்கள் பார்த்தேயிராத நாணயங்கள். கொரியா எழுத்து, ரஷ்ய எழுத்து, நடுவில் ஓட்டை போட்டது, எட்டு மூலை வைத்தது.

பாய் ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். கடைசியாக ஒன்றை எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தியலால் தட்டி வட்டமாக்கிய சோடா மூடி.

"எல்லா நாட்டுக்காரனும் காசு போட்டுக்கீறான்மா. இது மட்டும் நம்மூர் கரென்சி."

அந்தக் கால நிறம்

எங்கள் பக்கம் வடக்கிலிருந்து காற்று அடித்தால் அனல்மின் நிலையக் கரித்தூள், கிழக்கிலிருந்து அடித்தால் உப்பு. துணி காயப்போடும் எவருக்கும் இது தெரியும். பலகைக்குக் கார் பாலிஷ் போட்டுத் தேய்த்து, கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்து, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மெஷின் மேல் யாரோ கோலமாவு சலித்த மாதிரி இருக்கும், கறுப்புக் கோலமாவு. மறுபடி துடைப்பேன்.

அப்படித் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அடையாறிலிருந்து ஒருவர் வந்தார். புதிதாக காபி கடை திறக்கிறாராம். பெட்டியின் மேல் விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று துணியை எடுத்தேன். அவர் பதறி என் கையைத் தடுத்தார்.

"மேடம், இந்த கிரே ஷேட் அப்படியே இருக்கட்டும். இப்பல்லாம் இது கிடைக்கிறதில்ல."

லாரிக்காரர் ஆட்டம்

புது ரப்பர், புது பல்பு எல்லாம் போட்டு ஓடவிட்டோம். நன்றாக ஓடியது. திடீரென்று விளக்கெல்லாம் அணைந்து, துடுப்புகள் செத்துப்போயின. மறுபடி போட்டோம், மறுபடி அணைந்தது. பாய் வயரையெல்லாம் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அந்த அடையாறுக்காரர் முன்னாலும் இப்படியே அணைந்தது. யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனவர்தான்.

பிறகுதான் பிடிபட்டது. இந்த மெஷினுக்குள் ஓர் ஊசல் தொங்குகிறது. ஆடுபவர் பெட்டியைப் பிடித்து உலுக்கி ஏமாற்றினால் ஊசல் போய் வளையத்தில் இடிக்கும், ஆட்டம் செல்லாது. எங்கள் கொட்டகையோ ரோட்டோரம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று கடந்தால் போதும், டம்ளரில் இருக்கும் தண்ணீர் ஆடும். பாய் ஊசலைக் கொஞ்சம் மேலே ஏற்றி முடுக்கினார். வாசலுக்குப் போய், வரிசையாக நிற்கும் லாரிகளைப் பார்த்தார்.

"இத்தினி நாளா ஏமாத்துனது நாம இல்லமா, அவனுங்கதான்."

இடது பக்கம்

அடுத்து மெஷினை வாங்க வந்தவள் தேவி. திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறாள். வந்ததும் விளக்கைப் பார்க்கவில்லை, பலகையில் இருந்த படத்தைப் பார்க்கவில்லை. "அக்கா, லெப்ட் பட்டன் லேசா அமுங்குமா?" என்றுதான் கேட்டாள். அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. விரலை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும், இல்லையென்றால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிசியோதெரபிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை அவர் ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாராம். சாப்பாட்டையும் பேச்சையும்கூடக் குறைத்துக்கொண்டார் என்றாள்.

நான் இடது பொத்தானுக்குப் பின்னாலிருந்த துருவை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். குழந்தை தொட்டாலும் அமுங்கும் வரைக்கும் விடவில்லை. மறுநாள் அப்பாவை ஷேர் ஆட்டோவில் கூட்டிவந்தாள். பெரிய உடம்பு, ஒட்டிய முகம். "பசங்க ஆட்றதுக்கு என்ன இட்டாந்துகீற" என்று மகளை முறைத்தார். ஆனாலும் வலது கையால் ஸ்பிரிங் கம்பியை இழுத்துக் குண்டை விட்டார். வலது பக்கம் வந்ததையெல்லாம் சுளீர் சுளீரென்று அடித்தார். இடது பக்கம் வந்தது குழிக்குள் போயிற்று. அடுத்ததும் போயிற்று. அதற்கடுத்ததும்.

"லெப்ட் வேல செய்யல" என்று கத்தினார்.

பாய் எட்டி இடது பொத்தானை அழுத்தினார். துடுப்பு டக்கென்று எழுந்தது. தேவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அதனால் சுத்தமாக இருந்த கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தேன்.

அவர் வலது கையால் இடது கையைத் தூக்கி, ஒரு பொருளை வைப்பது போல பொத்தான் மேல் வைத்தார். குண்டை விட்டார். அது இடது பக்கம் இறங்கியது. விரல் நடுங்கியது, அமுங்கியது, ஆனால் குண்டு போனபிறகு. காலி மூலையில் துடுப்பு ஒருமுறை எழுந்து படுத்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் மகள் பக்கம் திரும்பினார். "மெஷின் சரியாத்தான் கீது. கையத்தான் சர்வீஸ் பண்ணணும். எடுத்துக்கினு போலாம் வா."

புகார்

சில மாதம் கழித்து தேவியிடமிருந்து போன். உடனே வந்து பார்க்கச் சொன்னாள். பாயும் நானும் டூல்ஸ் பையோடு ஓடினோம். அப்பா மெஷின் முன்னால் நின்று ஆடிக்கொண்டிருந்தார். இடது துடுப்பு லேட்டாகத்தான் எழுந்தது, ஆனால் பாதித் தடவையாவது குண்டு திரும்பி ஓடியது. போட்டிருந்த சட்டையின் பொத்தான்கள் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாட்டியிருந்தன. அவரே போட்டதாம், யாரையும் சரிசெய்ய விடவில்லையாம். புள்ளி ஏறும்போதெல்லாம் மெஷினின் மணி கணகணவென்று அடித்தது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மெஷினில் ஒரு குறையும் தெரியவில்லை. என்ன ரிப்பேர் என்று தேவியிடம் கேட்டேன். அவள் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, அந்த மணிய மட்டும் கழட்டிக்கினு போய்டுங்க. நைனாவுக்குக் கை வந்துச்சு, எங்களுக்குக் காது பூட்ச்சு."

பழைய மெஷின் விற்பவர்கள், ஓடவில்லை என்று வரும் புகாருக்குத்தான் எப்போதும் பயந்துகொண்டிருக்கிறோம். நிறுத்தாமல் ஓடுகிறது என்று வரும் புகாருக்கு இந்தத் தொழிலில் யாரிடமும் ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.